உலையில் போடுமுன் எடுத்த அரிசி



‘கிறிஸ்தவ ஈகை’ என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, எப்படி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள் அமைப்பாளர்கள். தலைப்பைப் பார்த்ததும் எனக்கு வேதாகமம் நினைவுக்கு வரவில்லை. ஒரு பால்மாவு டப்பா நினைவுக்கு வந்தது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது முதுநகரில், எங்கள் வீட்டு அடுப்படியில் அந்த டப்பா இருந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதம் உரிந்து, துருப் பிடித்து, மூடி மட்டும் இறுக்கமாக இருக்கும். அம்மா காலையில் உலை வைத்ததும் படியில் அரிசி அளப்பார். முறத்தில் கொட்டிப் புடைப்பார், கல் பொறுக்குவார். களையும் முன்னால் வலது கையால் ஒரு பிடி அள்ளி அந்த டப்பாவில் போடுவார். அதற்குப் பிறகுதான் மீதி அரிசி தண்ணீரைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. வாசலையொட்டி ஒரு கோணிச் சாக்கு வாய் திறந்து நிற்கும். அதில் கொட்டிவிட்டு வெறும் டப்பாவைத் தட்டிக்கொண்டே உள்ளே போவேன். ஆராதனை நடக்கும்போது தட்டக் கூடாது என்பது அப்பாவின் ஒரே கண்டிப்பு.

பிடி அரிசிக் காணிக்கை என்று இதற்குப் பெயர். அந்தச் சாக்கு விடுதிப் பிள்ளைகளின் சமையலுக்குப் போகும். நாற்பது வீட்டு அரிசி அதில் கலந்திருக்கும்: புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, யாராவது ஊரிலிருந்து கொண்டுவந்த சம்பா. ஒன்றாக உலையில் போட்டால் எப்படி வேகும்? ஒரு பருக்கை குழைந்துபோகும், பக்கத்துப் பருக்கை நறுக்கென்று நிற்கும். விடுதியில் படித்த என் நண்பன் சொல்வான், “எங்க சோத்துல ஊரே தெரியும்டா.” அவன் குறையாகத்தான் சொன்னான். எனக்கு அது இன்றைக்கும் நல்ல இறையியலாகப் படுகிறது.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சைவ மடங்களுக்கும் அன்னதானக் கூடங்களுக்கும் பிடி அரிசி எடுத்து வைத்த வீடுகள் நாம் கூடியிருக்கும் இந்தச் சிதம்பரத்தில் எத்தனையோ. அங்கே மிசோரமில் பிரஸ்பிட்டீரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்து வைக்கிறார்கள். அந்தச் சபையின் ஊழியத்துக்கு அது பெரிய வருமானம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கேயும் பிடி எடுப்பது சமைக்கும் முன்னால். சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுப்பதற்கு இந்தப் பெயர் இல்லை. வீட்டில் ஐந்து பேருக்கு நாலு பேர் அரிசிதான் இருக்கிற நாளிலும் பிடி போகும். அன்றைக்கு அம்மா சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, பசியில்லை என்பார்.

எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதை எல்லோருக்கும் தெரியும். காணிக்கை வசூலிக்கும் பிரசங்கத்துக்கு அது வசதியான கதை, அதனால் தேய்ந்துபோன கதையும்கூட. அவளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சுவிசேஷம் சொல்லவில்லை என்பதை மட்டும் பிரசங்கிகள் சொல்வதில்லை. வீட்டுக்குப் போனபோது பானை நிறைந்திருந்தது என்று லூக்காவும் எழுதவில்லை, மாற்குவும் எழுதவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு ‘ஆசீர்வாதம்’ என்ற சொல் வட்டிக் கடைக்குப் போய்விட்டது. நூறு விதைத்தால் ஆயிரம் அறுப்பாய் என்று தொலைக்காட்சியில் கணக்குச் சொல்கிறார்கள். கீழே வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத்தான் இதற்கும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றிப் பேசும் அதிகாரம் அது. அங்கே அந்தக் கொடைக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘எவுலோகியா’. ஆசி என்பதற்கும் அதே சொல்தான். கொடுப்பதால் பிறகு ஒரு ஆசீர்வாதம் வந்து சேரும் என்பது ஒரு வாசிப்பு. கொடையே ஆசீர்வாதம், அதற்குப் பிறகு வரவு வைக்க ஒன்றும் இல்லை என்பது இன்னொரு வாசிப்பு. நான் இரண்டாவது கட்சி. இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கட்சிக்காகத்தான்.

முதல் கட்சிக்கு எதிராகக் கடலூரிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. 1737இல் சர்டோரியஸ், கைஸ்டர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் கடலூரில் புராட்டஸ்டண்ட் மிஷனைத் தொடங்கினார்கள். மூன்று வருடம் கழித்து, ஜெர்மனியின் ஹாலேயில் பயின்ற ஒரு சுவீடன்காரர் வந்தார், யோஹான் சகரியா கீர்நாண்டர். பதினெட்டு வருடம் எங்கள் ஊரில் இருந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தரங்கம்பாடி வழியாகக் கல்கத்தா போனார். அங்கே செல்வம் சேர்ந்தது. பெரும்பாலும் தன் பணத்திலேயே ஒரு தேவாலயம் கட்டினார், 1770இல் திறந்தார். இத்தோடு கதையை நிறுத்தினால் தொலைக்காட்சிக்கு ஏற்ற சாட்சி. ஆனால் 1787இல் கடன்காரர்கள் நெருக்கி, அவர் கட்டிய கோயிலே ஜப்திக்கு வந்தது. சார்லஸ் கிராண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 10,000 ரூபாய் கட்டி அதை மீட்டார். கீர்நாண்டர் வறுமையில் முதுமையைக் கழித்து 1799இல் இறந்தார். அள்ளிக் கொடுத்த மனிதர்தான். கணக்குப் பார்க்கிறவர்கள் இவரை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

ஈகைக்கு வட்டி எதிர்பார்ப்பது ஒரு நோய் என்றால், ஈகைக்குள் தூண்டில் வைப்பது அதைவிடப் பழைய நோய். கிறிஸ்தவ மேடைகளில் இதைப் பேசுவதைத் தவிர்ப்போம், நானும் பல வருடம் தவிர்த்திருக்கிறேன். சிதம்பரத்தில் நின்றுகொண்டு தவிர்க்க முடியாது. இங்கே நந்தனார் கல்விக் கழகம் இருக்கிறது. 1916இல் சுவாமி சகஜானந்தர் நிறுவியது. ஆரணிப் பக்கத்தில் பிறந்த முனுசாமி என்ற சிறுவன் திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தான். நல்ல மாணவன். மதம் மாறச் சொன்னபோது மறுத்தான், வெளியேறினான் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பையன்தான் பிற்பாடு சகஜானந்தராகி, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தில் பள்ளி வைத்தார். அந்த மிஷன் பள்ளி அவருக்குச் சோறும் எழுத்தும் கொடுத்தது உண்மை. கொடுத்த கை திரும்ப ஒன்று கேட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சபை ஆண்டறிக்கையிலும் இரண்டாவதை மட்டும் எதிர்ப்பு மேடையிலும் சொல்லிச் சொல்லி நூறு வருடம் ஓடிவிட்டது.

இதே நந்தனார் மண்ணுக்கு இன்னொரு பக்கத்து வேடிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், மிஷன் பள்ளிகளுக்குப் பதில் சொல்லச் சைவப் பள்ளிகள் கண்டவர். 1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை வைத்தார். 1867இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை அடுப்பை மூட்டினார், பார்வதிபுரத்தார் எண்பது காணி கொடுத்தார்கள். அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. அதே காலத்தில், நெல்லிக்குப்பத்தையொட்டி மேல்பட்டாம்பாக்கத்தில், கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார் சபைக்குள் சாதி பார்ப்பதை எதிர்த்து லைப்சிக் மிஷனை விட்டுப் பிரிந்து பெத்தானியா என்று ஒரு குடியிருப்பைத் தொடங்கியிருந்தார். டேனிஷ் மிஷன் தென்னாற்காட்டில் வேர் பிடித்தது அங்கேதான். ஒரே ஜில்லாவில், பத்து வருடத்துக்குள், மூன்று பேர். ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசியிருந்தால் கடுமையாகச் சண்டை போட்டிருப்பார்கள்.

அந்த டேனிஷ் மிஷனில் 1909இல் ஆசிரியையாக வந்து சேர்ந்தவர் ஆன் மேரி பீட்டர்சன். இன்று நான் பேச வந்தது இவரைப் பற்றி. மற்றதெல்லாம் வழியில் ஏறிக்கொண்டவை.

1878இல் டென்மார்க்கில் பிறந்தவர். அந்த நாட்டில் குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்த மக்கள் பள்ளிகள் உண்டு. முதலாவது 1844இல் ரோடிங் என்ற ஊரில் தொடங்கியது. குடியானவர் வீட்டு இளைஞர்கள் போய்த் தங்கிப் படிப்பார்கள். தேர்வு கிடையாது, லத்தீன் கிடையாது. சொந்த மொழி, சொந்த ஊர் வரலாறு, சேர்ந்து பாடுவது. ஒருவன் முதலில் தன் மண்ணில் நிமிர்ந்த மனிதனாக இருக்க வேண்டும், கிறிஸ்தவம் அதற்குப் பிறகுதான் அவனுக்குள் இறங்கும் என்பது குருண்ட்விக்கின் வாதம். இந்தக் காற்றில் வளர்ந்த பெண் தென்னாற்காட்டுக்கு வந்து பார்க்கிறார். நம் பெண் குழந்தைகள் ஆங்கிலேயரின் பாடத்திட்டத்தில், அரசு மானியத்துக்கு ஏற்ற அளவில், பரீட்சைக்கு நெட்டுருப் போடுகிறார்கள். டேனிஷ் குழந்தைக்கு டேனிஷ் மண் வேண்டுமென்றால் தமிழ்க் குழந்தைக்கு எந்த மண்?

பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்குவதற்காக நாட்டிலுள்ள கல்விக்கூடங்களைப் பார்த்து வரலாம் என்று அவரும், பின்னர் வந்து சேர்ந்த இளம் மிஷனரி எஸ்தர் ஃபேரிங்கும் புறப்பட்டார்கள். 1917 ஜனவரியில் அகமதாபாத்தில் காந்தியின் ஆசிரமத்தில் தங்கினார்கள். அப்போது ஆசிரமம் சபர்மதிக்கே போகவில்லை, கோச்சரப்பில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. சம்பாரண் போராட்டம் இனிமேல்தான். நாடு முழுவதும் காந்தியின் பெயர் இன்னும் பெரிதாகப் பரவவில்லை. இந்த இரண்டு பெண்களும் கூட்டத்தோடு கூட்டமாகப் போனவர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். காந்தி எஸ்தருக்கு எழுதிய கடிதங்கள் பிற்பாடு ‘மை டியர் சைல்ட்’ என்று நவஜீவன் வெளியீடாக 1956இல் வந்தன.

திரும்பி வந்த ஆன் மேரியால் பழையபடி வேலை செய்ய முடியவில்லை. முதல் உலகப் போர் நடந்து முடிந்த காலம். அயல்நாட்டு மிஷனரிகள் அரசாங்கத்துக்கு விரோதமாக நடப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு இருக்க வேண்டிய நிலை. காந்தியோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த எஸ்தர் மீது அதிகாரிகளின் கண் இருந்தது. ஆன் மேரி மிஷனை விட்டு விலகினார். இதை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய பெண், பிறந்த நாடு கப்பல் பயணத் தூரத்தில், சம்பளம் தருகிற சங்கத்திலிருந்து விலகுகிறார். சோற்றுக்கு என்ன வழி என்று யாராவது கேட்டிருப்பார்கள்தானே?

1921 செப்டம்பர் 17. பரங்கிப்பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயிலில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் வரும் ஊர். வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கடை விரித்த துறைமுகம். முஸ்லிம் மரக்காயர்களுக்கு மஹ்மூத் பந்தர். ஹைதர் அலியும் அயர் கூட்டும் 1781இல் மோதிக்கொண்ட களம். அங்கே ஒரு தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளிக்குக் காந்தி அடிக்கல் நாட்டினார். பள்ளியின் பெயர் சேவா மந்திர். அதே மாதம் 22ஆம் தேதி மதுரையில்தான் அவர் அரையாடைக்கு மாறினார். அதாவது, பரங்கிப்பேட்டை வந்தது சட்டையும் குல்லாயும் இன்னும் களையாத காந்தி.

அந்தப் பெயரை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு ‘மந்திர்’ என்று பெயர். புனிதர் பெயர் இல்லை, நன்கொடையாளர் பெயர் இல்லை, டென்மார்க்கின் பெயரும் இல்லை. ஒத்துழையாமைக் காலத்தின் தேசியப் பள்ளி என்றால் அரசாங்கத்தின் மானியமும் வேண்டாம், கட்டுப்பாடும் வேண்டாம் என்று பொருள். டென்மார்க்கிலிருந்த நண்பர்கள் அனுப்பியது, இங்கே கிடைத்தது, இவ்வளவுதான் வருமானம். தமிழில் பாடம். ராட்டை.

ராட்டையைப் பற்றி ஒரு நிமிடம். நூற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சுப் பட்டையை இடது கை விரல்கள் இறுக்கிப் பிடித்தால் அறும், தளர்த்தினால் திரிதிரியாக வரும். வலது கை சக்கரத்தைச் சுற்றுகிற வேகத்துக்கும் இடது கை பின்னால் போகிற வேகத்துக்கும் உடன்பாடு வர வேண்டும். இதில் பட்டம் உதவாது, வெள்ளைத் தோல் உதவாது. பத்து வயதுப் பெண் பிள்ளை நூற்றுக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்த ஐரோப்பிய ஆசிரியைக்கு நூல் அறுந்தால் யார் யாருக்குக் கற்றுக் கொடுப்பது? கொடுக்க வந்தவர் வாங்குகிறவராக உட்காரும் இடம் அது. சகஜானந்தர் வெளியேறிய மிஷன் பள்ளியில் இந்த இருக்கை மாற்றம் நடக்கவில்லை. வேறுபாடு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அவரை ஒரேயடியாக நம்மவராக்கிவிடவும் கூடாது. அவர் கடைசி வரை விசுவாசமுள்ள கிறிஸ்தவர். காந்தியோடு நெருங்கியதால் கிறிஸ்துவை விட்டு விலகியவர் அல்ல. மதமாற்ற நோக்கத்தோடு செய்யும் சேவையைக் காந்தி வெளிப்படையாகக் கண்டித்தவர், இவரோ சுவிசேஷத்தைச் சொல்வது தன் கடமை என்று நம்பியவர். அந்த இடைவெளியோடுதான் கடைசி வரை நட்பாக இருந்தார்கள். 1951இல் ஆன் மேரி காலமானார். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தியா. சேவா மந்திர் என்ற பெயரைப் பரங்கிப்பேட்டைப் பள்ளியில் இன்றும் காணலாம்.

அவருக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்ன என்று கேட்டால், பணம் இல்லை, பதவி இல்லை, சொந்தச் சங்கத்தின் பாராட்டும் இல்லை. ஒரு ஊர் கிடைத்தது. தமிழில் நாம் சொல்வோமே, சாப்பிட்டவன் வாய் வாழ்த்தாவிட்டாலும் வயிறு வாழ்த்தும் என்று. வாழ்த்து வாங்குகிறவரிடமிருந்துதான் வர வேண்டும். அவர் வாழ்த்தும்படி அவருக்கு எதிரே போய் உட்காரத் தெரிய வேண்டும்.

எங்களுக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் யாரையும் கேட்காமல் அடுப்பு மூட்டி மீனவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நாங்களும் சமைத்தோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாலைந்து நாளில் எங்கள் சபையின் ஓர் அறை கூரை வரைக்கும் பழைய துணியால் நிரம்பியது. ஊர் ஊராக வந்து குவிந்த துணி. கடற்கரைச் சாலை நெடுகிலும் அப்படித்தான் கிடந்தது. நான் பிரித்து அடுக்கும் குழுவில் இருந்தேன். காலர் கிழிந்த சட்டை, பொத்தான் இல்லாத பள்ளிச் சீருடை, ஒரு கம்பளிக் கோட்டு, ஜிகினா வைத்த நடனப் பாவாடை. மீனவப் பெண்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “என்ன திமிர் பாரு” என்று எங்களில் ஒருவர் சொன்னார். பெயர் சொல்ல மாட்டேன். நான் மறுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று வரை கரையில் ஏலம் விட்டுக் காசு எண்ணிய கைகள் அவை. உலையில் போடுமுன் எடுத்தது எது, சாப்பிட்டு மிஞ்சியது எது என்று அவர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அந்தத் துணியை என்ன செய்தோம்? லாரி பிடித்து அனுப்பினோம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஏழு வருடம் கழித்து, 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல். இந்த முறை கடல் இல்லை, காற்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வீட்டு ஓடுகள் பாதி பறந்துவிட்டன, முருங்கை மரம் கிணற்றுக்குள் தலைகீழாக நின்றது. பல நாள் மின்சாரம் இல்லை, தண்ணீர் ஏற்ற வழியில்லை, கடையில் மெழுகுவத்தி இரண்டு மடங்கு விலை. பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் மாலை வாசலில் ஒரு பெண் நின்றாள். தலையில் கூடை. கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவள். சுனாமி நேரத்தில் எங்கள் பந்தியில் சாப்பிட்டாளாம். என் மனைவிக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

“டீச்சரம்மா, வாள கருவாடு. போன மாசமே போட்டது, நல்லா காஞ்சிருக்கு. வச்சுக்கங்க.”

என் மனைவி உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தாள். பழக்கம். ஐம்பது ரூபாயை நீட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

“நா விக்கவா வந்தன்? எடுத்து உள்ள வைங்க டீச்சரம்மா.”

“எப்பிடிம்மா சும்மா வாங்கறது...”

“நாங்க வாங்குனோமில்ல?”

பர்ஸ் உள்ளே போனது. கூடை இறங்கியது. அவள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள், கிணற்றில் மரம் கிடப்பதைப் பார்த்துச் சிரித்தாள், அதை எடுக்க இரண்டு பையன்களை மறுநாள் அனுப்புவதாகச் சொன்னாள். போகும்போது முன்வாசலில் நின்று ஓடு இல்லாத கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து, “நல்லாருப்பீங்க” என்றாள்.

அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் கருவாட்டுக் குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல்தான். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டேன்.